நாற்பத்தோரு ராடு

காங்கயத்துக்குத் தெற்கே ஒரு கொரங்காட்டில்
ராத்திரி ஒன்றரைக்கு முப்பத்தேழாவது ராடு இறங்கியது.
ராடு ஒன்றுக்கு இருபதடி.
குழிவாயில் வெள்ளையாகப் பீறிட்டது பாறை.
வாய்க்கும் மூக்குக்கும் துண்டு கட்டி
கம்ப்ரசர் ஓரத்து விளக்கில் நோட்டை விரித்திருந்தேன்.
அணுக்கரு இயற்பியல், அரியர், இரண்டாம் தடவை,
திங்கள் காலை பத்து மணிக்கு.

ஆல்பா போனால் மேலே நாலு கழி, கீழே ரெண்டு கழி.
பீட்டா போனால் மேலே கை வைக்காதே,
கீழே ஒன்று கூட்டு.
முப்பத்தெட்டாவது ராடு.
யுரேனியத்தில் தொடங்கினால்
எட்டு ஆல்பா, ஆறு பீட்டா, கடைசியில் காரீயம்.
துண்டை உதறினேன்.
டன்னுக்கு ரெண்டு மூணு கிராம் அந்த யுரேனியம்
இந்த மாவிலும் இருக்குமாம்.
அரை ஆயுள் நானூற்று நாற்பத்தேழு கோடி வருசம்.
பூமியின் வயதும் கிட்டத்தட்ட அதுதான்.
அப்படியானால் முதலில் இருந்ததில் சரிபாதி போய்விட்டது,
மிச்சப் பாதியைத்தான் நான் தும்மிக்கொண்டிருந்தேன்.

பாதி என்பது எங்கள் திருச்செங்கோட்டுக்குப் பழக்கம்.
ஒரு பக்கம் வேட்டி, ஒரு பக்கம் சேலை,
மலைமேல் அந்தப் பாதி அப்படியே நிற்கும்.
அந்தச் சாமி பெயர்தான் எனக்கும், அர்த்தநாரி.
நோட்டில் இருக்கும் பாதி நிற்காது.
பாதியில் பாதி, அதில் பாதி,
கணக்குப்படி ஒருநாளும் பூஜ்யத்துக்கு வந்து சேராது.

"ஏனுங் தம்பி, ஈரம் கீரம் தெரியுதுங்களா?"
கட்டிலில் உட்கார்ந்திருந்த வேலாத்தாள்.
"இன்னும் இல்லீங்."
எருமை ரெண்டை விற்ற காசு
அறுநூறு அடியிலேயே தீர்ந்திருந்தது.
மேலே ஓடியது கழுத்தில் கிடந்த கொடி.

நாற்பது. நாற்பத்தொன்று.
எண்ணூற்று இருபது அடி, இருநூற்றைம்பது மீட்டர்.
இந்தக் குழியின் அடியில் ஒரு கம்பு மணியைப் போட்டால்
அதுதான் அணுக்கரு,
எலக்ட்ரான் இங்கே என் செருப்புக்குப் பக்கத்தில்.
நடுவில் இருப்பதெல்லாம் வெறுமை.
அந்த வெறுமையாலேயே ஆன பாறையில் மோதித்தான்
மூன்று பட்டன் பிட்டு தேய்ந்தது.

தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்தவர்
காய் நட்டுக்குத்தலாக நின்ற இடம் இது என்றாராம்.
எங்கள் ஓனர் அதையெல்லாம் கேட்பதில்லை.
அவரிடம் டைரி இருக்கிறது:
இந்தப் பக்கம் நூறு போர் போட்டால் நாற்பது புகை.
வருசா வருசம் ஒன்று ரெண்டு தவறினாலும்
நாற்பது நாற்பதுதான்.
நூறுக்குப் பக்கத்தில் கோடி கோடியாக அணுவை வைத்தால்
அந்த ஒன்று ரெண்டுகூடத் தவறாது.
எத்தனை சிதையும் என்பதை நிமிசக் கணக்காய்ச் சொல்லலாம்,
எது என்பதை மட்டும் சொல்ல முடியாது.
பக்கத்து அணுக்கரு வெடித்தது இதற்குத் தெரியாது,
நூறு கோடி வருசம் காத்திருந்ததும் கணக்கில் சேராது.
ஓனரிடம் நூறு குழி.
வேலாத்தாளிடம் ஒன்று.

"இன்னொரு நூறடி போனா வந்துருமுங்களா?"
ஹேமரை நிறுத்தியிருந்தார்கள்.
காதுக்குள் மட்டும் அது ஓடிக்கொண்டிருந்தது.
நான் ராடு எண்ணுகிறவனைப் போல
ராடையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
விடியும்போது கேசிங் பைப்பின் வாயில் மூடி போட்டோம்.
மூடி இடுக்கில் கையை வைத்தேன், கொஞ்சம் குளிர்ந்தது.
ரேடானும் அதில் ஏறி வந்திருக்கலாம்,
நாலு நாள் முடிவதற்குள் பாதியாகும் வாயு.
தண்ணீர் வராத குழிக்கும் மூச்சு இருக்கிறது.

திங்கள்கிழமை, பதினோராவது கேள்வி:
ஒரு தனி அணுக்கரு எப்போது சிதையும் எனக் கணிக்க இயலுமா?
இயலாது என்று எழுதினேன்.
ரெண்டு மார்க்கு.
தலையைக் குனிந்தபோது காதிலிருந்து
காங்கயத்து மாவு கொஞ்சம் விடைத்தாளில் விழுந்தது.
ஊதாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.