பயன்படுத்தாத விமான நிலையம்

குர்லாவில் எங்கள் ஆபீஸின் தகரக் கூரைக்கு மேலே
நாலு நிமிஷத்துக்கு ஒரு விமானம் இறங்கும்.
அது கடக்கும்வரை யாரும் பேசுவதில்லை.
பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி
காத்திருக்கப் பழகிவிட்டோம்.

அப்படியொரு பாதியில்தான்
தவசிலிங்கம் வந்து நின்றார்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு டிக்கெட்,
உறையின் மேல் மழை.
"தங்கச்சி, இதுல ஏதாவது"
விமானம்.
"திரும்பக் கிடைக்குமா?"

மஸ்கட்டிலிருந்து மும்பை.
ஜூன் பதினொன்று, இரவு ஒன்று ஐம்பது.
ஏர்போர்ட்டுக்குப் போ,
பாஸ்போர்ட் பின்னாலேயே வரும் என்று
கம்பெனிக்காரன் அனுப்பிவிட்டான்.
பாஸ்போர்ட் வந்தது பதின்மூன்றாம் தேதி மதியம்.
பட்டறையில் ஒன்பது பேர் காசு போட்டு
வேறொரு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"டிக்கெட் காசு போனது போனதுதான் அண்ணே.
ஆனா வரி வரும்."

"வரி வருமா?" சிரித்துவிட்டார்.
"வரி போய்த்தான் நான் பார்த்திருக்கேன்."

பயணிகள் எல்லாருக்கும் சொல்வதையே
அவருக்கும் சொன்னேன்:
நீங்கள் பறக்கவில்லை.
அதனால் அந்த ஏர்போர்ட்டை
நீங்கள் பயன்படுத்தவில்லை.
பயன்படுத்தாத ஏர்போர்ட்டுக்கு
அவர்கள் காசை வைத்துக்கொள்ள முடியாது.

அப்போது விமானம் எதுவும் போகவில்லை.
ஆனாலும் அவர் பேசவில்லை.

பிறகு சொன்னார்,
யாரோ ஒட்டுக்கேட்பதுபோல் குனிந்து:
"அங்கேதான் ரெண்டு ராத்திரி படுத்திருந்தேன்.
டிராலி அடுக்கிவைக்கிற இடத்துல, தூணுக்குப் பின்னாடி.
தொழுகை அறைக் குழாயில மூஞ்சி கழுவினேன்,
சட்டைகூட ஒண்ணு அலசிப் போட்டேன்.
போன் சார்ஜ் அவங்க கரண்டு.
தரை துடைக்கிற சிட்டகாங் பையன்
பாதி குபூஸ் கொடுத்தான்,
அது அவன் குபூஸ், அதை விடு.
மத்தபடி குளிருகூட அவங்க குளிருதான்.
இதையெல்லாம் எழுதணுமா?"

ரீஃபண்ட் படிவத்தில் காரணத்துக்கு நாலு கட்டம்.
நோய். மரணம். விசா மறுப்பு. மற்றவை.
மற்றவையில் டிக் அடித்தேன்.
"எழுத இடமில்லை அண்ணே" என்றேன்.
நிஜமாகவே இல்லை.
அவர் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

சேட் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம்.
அறுநூறு ரூபாய் சர்வீஸ் சார்ஜை
இருநூறு என்று அடித்துப் பிரிண்ட் எடுத்தேன்.
அச்சில் அந்த இரண்டு மட்டும் மங்கலாய் விழுந்தது,
பயந்ததுபோல.

ஐம்பத்திரண்டு நாள் ஆயிற்று.
இடையில் மூன்று முறை போன் செய்தார்,
ஒவ்வொரு முறையும்
காசு வந்ததா என்று கேட்காமல்
ஏதாவது கேட்டாங்களா என்று கேட்டார்.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு ரூபாய்.
வாங்க வந்தவர் கையில் புது வேலைக் கடிதம்,
இந்தத் தடவை சோஹார், கப்பல் பட்டறை.
டிக்கெட் போட்டுக் கொடுத்தேன்.
தொகையை ஒவ்வொன்றாய் விரலால் தொட்டுக்கொண்டு வந்தார்.
தீக்காயம் பட்ட விரல், நகம் பாதிதான்.

"இது?"
"பெட்ரோலுக்கு."
"இது?"
"இது மும்பைக்கு. இங்கேருந்து புறப்படுறதுக்கு."
"இதுவும் திரும்ப வருமா?"
"ஏறலேன்னா வரும்."

வெளியே ஒரு ரிக்‌ஷா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

"ஏறணும்ல" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, கணக்குப் போட்டவர்போல:
"அப்ப ஒண்ணு செய்யுறேன்.
ராத்திரி ஃபிளைட்டுக்குக் காலையிலேயே போயிடுறேன்.
பெரிய கண்ணாடியாமே, தோட்டமெல்லாம் இருக்காமே.
உக்காந்து, தண்ணி குடிச்சு,
போனுக்குச் சார்ஜ் போட்டு,
கொடுத்ததுக்கு ஒரு தூக்கமும் போட்டுட்டுத்தான் ஏறுவேன்."

அவ்வளவு சீக்கிரமாய் வாசலில் விடமாட்டார்கள் அண்ணே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
விமானம்.

எழுந்துவிட்டார்.
உதடு அசைந்தது,
வரேன் என்றிருப்பார்.
சத்தம் ஓய்ந்தபோது
என் வாய் திறந்தேதான் இருந்தது.
நாற்காலியில் அடுத்த ஆள்,
அவர் உறையிலிருந்து
மேஜையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.