அரைப்பேர்

தலவாக்கலையில் மழை பிடித்து ஒன்பதாம் நாள்.
மண் பரிசோதனைக் கூடத்தின் ஒற்றை ஹீட்டரை
நிலூகாவும் நானும் முறை வைத்து
கால்மாட்டுக்கு இழுத்துக்கொள்கிறோம்.

சிலிக்கனுக்கு நாலு கை.
சுற்றி நாலு ஒட்சிசன்.
முனைக்கு முனை பகிர்ந்து ஏடு ஏடாய் விரிந்தால்
கணக்குச் சரி; கையிருப்புமில்லை, கடனுமில்லை.
அப்படிப்பட்ட ஏடு எதையும் பிடித்துவைக்காது.

மைக்கா இறுகிய காலத்தில் எப்போதோ
சிலிக்கன் உட்காரவேண்டிய இடத்தில்
அலுமினியம் வந்து குந்திவிட்டது.
அதற்கு மூன்றே கை.
ஒட்சிசன்கள் கேட்டதில் ஒன்று குறைய,
அந்தக் குறைக்கு மறை ஏற்றம் என்று
பாடப்புத்தகம் பேர் வைத்தது.
எங்கள் மலையில் அது அரைப்பேர்:
கிலோ எட்டாத நாட்களில்
அம்மாவின் செக்ரோலில் விழுந்த பாதி நாள்.

நானும் அப்படித்தான் இங்கே.
விஜேகோன் ஓய்வு பெற்றுப் போன நாற்காலி,
அவர் அளவி, அவர் அலுமாரித் திறப்பு.
சம்பளம் மட்டும் வேறு.
'பதில் கடமை', நாலாவது வருடம்.

ஆனாலும் குறையுள்ள ஏடுதான்
பொற்றாசியத்தை இறுக்கி வைத்திருக்கிறது,
மழை வந்து கேட்டாலும் கொடுக்காமல்.
வேர் வந்து புளிப்பாய் ஒன்றை நீட்டினால்
மாற்றிக் கொடுக்கும்.

இன்றைய பொதிகளில் நாற்பத்தோராவது
கிளன்மோரா மேல்பிரிவு. எங்கள் பிரிவு.
லேபிளில் அந்தக் கோணல் 'ழ' தம்பி துஷ்யந்தனுடையது.
சிவப்பு மண். உருட்டினால் திரண்டது,
நல்ல மண் என்றே எவரும் சொல்வார்கள்.
அமோனியம் ஊற்றி, மதுசாரத்தில் கழுவி, வடித்து,
துளித்துளியாய் அமிலம் விட்டேன்.
பச்சை, பச்சை,
நாலு மில்லி ஆகுமுன் இளஞ்சிவப்பு.
மறுபடி செய்தேன். மூன்றாம் முறையும்.

சிலிக்காவை மழை எப்போதோ கரைத்து
கொத்மலைப் பக்கம் இறக்கிவிட்டிருந்தது.
மிஞ்சிய களியில் குறையே கிடையாது.
உரம் போட்ட மறுநாள் ஓடையில் உரம்.

படிவத்தில் எண்ணை எழுதினேன்.
'பரிந்துரை' கட்டத்தில் வழக்கமான வரி:
உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடவும்,
கவ்வாத்து மிலாறை மண்ணிலேயே மக்கவிடவும்.
மக்கியது கொஞ்சம் ஏற்றம் கொடுக்கும்.
உண்மைதான்.

அந்த மிலாறில்தான்
எங்கள் லயத்தில் பதினொரு அடுப்பு எரிகிறது.

பேனா அங்கேயே நின்றது.
நிலூகா ஹீட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
அவளுடைய முறை.