நாற்பத்தாறு கிலோ

நவம்பர் சனிக்கிழமை,
போஹோர்யே மலையடிவாரத்தில்
பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் பழம்பொருள் சந்தை.
கூடைப்பந்து வளையத்தின் கீழே
வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன ஸ்னோபோர்டுகள்.
பாதிக்கு மேல் என்னைவிட உயரம்.

"நூற்றெழுபது எடுங்க," என்கிறார் போகோமிர்.
"வேகம் கூடினாலும் நடுங்காது. பத்து வருஷம் உழைக்கும்."
அவர் தொண்ணூறு கிலோ.
சொல்வதில் பொய் இல்லை,
தொண்ணூறு கிலோவுக்கு.

எனக்கு மருந்துக்கடையில் வேலை.
ஒரே காய்ச்சல், ஒரே சிரப்,
அளவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.
கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று
பதினெட்டு வருடமாகப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.
என்னை மட்டும் ஒருநாளும் பெருக்கிப் பார்த்ததில்லை.

போன பிப்ரவரியில் ஓர் இரவல் பலகை.
சரிந்தேன். விளிம்பு பனியைக் கவ்வியது.
இடப்பக்கம் திரும்பு என்று முழங்கால் சொன்னது, இடுப்பு சொன்னது,
கடைசியில் வாய்விட்டே சொன்னேன்.
பலகை நேராகப் போனது.
ஆரஞ்சு வலையின் கட்டங்கள்
ஒரு வாரம் என் கன்னத்தில் இருந்தன.
வாடிக்கையாளர்கள் களிம்பு பரிந்துரைத்தார்கள்,
எனக்கே.

அப்புறம்தான் புரிந்தது:
இந்தப் பலகை வளைந்தால்தான் திரும்பும்.
அதை வளைப்பது தைரியம் இல்லை,
எடை.

ஆனாலும் விட முடியவில்லை.
காலை எட்டு மணிக்கு லிஃப்டில் தொங்கியபடி பார்த்திருக்கிறேன்:
இயந்திரம் வாரிவிட்ட பனியில்
யாரோ ஒருத்தி உடம்பைக் கிடத்திக்கொண்டு இறங்குகிறாள்.
அவளுக்குப் பின்னால் புழுதி இல்லை, வழிப்பு இல்லை,
பென்சில் கனத்தில்
ஒரே ஒரு கோடு.

போகோமிரின் பலகையை நிறுத்தி
நடுவில் உள்ளங்கை வைத்து அழுத்துகிறேன்.
உள்ளே தாழிட்ட கதவு.
அகலமும் கூடுதல்.
என் காலணி இருபத்திரண்டரை.
விரலுக்கும் விளிம்புக்கும் நடுவே
ஒரு தெருவே காலியாகக் கிடக்கிறது.

மூலையில், போர்வை விரித்து, லேனார்ட்.
வயது பதின்மூன்று.
பச்சைப் பலகை, நூற்றைம்பத்து மூன்று,
ஒடுங்கிய இடுப்பு,
வளைவின் ஆரம் ஒன்பது மீட்டர்.
"ஏன் விற்கிறாய்?"
"கோடையில பதினோரு கிலோ ஏறிட்டேன்.
இப்ப இது எனக்கு நூடுல்ஸ்."
பாதி வாக்கியம் சிறுவன் குரலில்,
மீதி வேறு யாருடைய குரலிலோ.

"இடது விளிம்பு மெலிஞ்சிருக்கு," என்கிறான் கேட்காமலே.
"ஒரு கல்லு. என் தப்புதான்.
ரெண்டு சீசன் தாங்கும். மூணாவது தெரியாது."
"அப்போது உன் எடை?"
"நாப்பத்தஞ்சு."

கூட்டத்தில் திடீரென்று
தாய்மொழி கேட்டதுபோல் இருந்தது.

அவன் அம்மா தெர்மோஸைத் திருகியபடி கேட்கிறாள்:
"மகளுக்கா?"
"எனக்குத்தான்."
மூடியைத் திரும்பவும் திருகுகிறாள்,
அது ஏற்கெனவே மூடியிருந்தும்.

உள்ளங்கை வைத்து அழுத்துகிறேன்.
இறங்குகிறது.
மெல்ல, மறுப்புச் சொல்லாமல்,
அடியில் போனதும் ஒரு பிடிவாதம்.
கையை எடுக்கும் முன்பே
அது என் கையைத் தள்ளிவிடுகிறது.

நூற்றிருபது யூரோ. பேரம் பேசவில்லை.
லேனார்ட் இரண்டு முறை எண்ணினான்,
பணத்தை மடித்துக்கொண்டு
நேரே போகோமிரின் சுவரை நோக்கி நடந்தான்,
கழுத்தை நிமிர்த்தி,
நூற்றெழுபதின் நுனியைப் பார்த்தபடி.
கொஞ்சம் பொறு என்று சொல்ல நினைத்தேன்.
அதற்குள் போகோமிர் பேச ஆரம்பித்துவிட்டார்.

பேருந்தில் முழங்கால்களுக்கு நடுவே பலகை.
நுனியில் ஒட்டியிருந்த நாடாவை உரிக்கிறேன்.
அடியில் ஆணியால் கீறிய கோடுகள், பதினேழு.
பதினெட்டாவது பாதியில் நிற்கிறது.
வென்றதா, விழுந்ததா,
கேட்டு வைத்திருக்கலாம்.

ஜன்னலுக்கு வெளியே மழை.
மேலே பனியாகத்தான் இருக்கும்.