படகுத்துறையில் வேலை

திருப்பூரில் செக்கிங் டேபிளை விட்டுவிட்டு
உடுமலைக்குத் தெற்கே இங்கு வந்தது
தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாமென்றுதான்.
டிக்கெட் கிழிக்கிற வேலை.
செவ்வாய்க்கிழமைதான் எனக்கு ஞாயிறு.

வந்த வருடம் மழை இல்லை.
சட்டியில் சுண்டிய பால் மாதிரி
அணை ஓரத்தில் ஏடு விட்டுச் சுருங்கியது.
பதினொரு படகும் தரை தட்டின.
"தண்ணி எங்கீங்க?" என்று கேட்கிற ஒரம்பரைக்கு
சென்னியப்பன் கையை நீட்டுவார்,
மலைக்கு அந்தப் பக்கமாக.

ஆனாலும் வருகிறார்கள்.
லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு
வெடித்த சேற்றில் நிற்கும் படகில் ஏறி
துடுப்புப் போட்டுப் போட்டோ எடுக்கிறார்கள்.
ஆளுக்கு இருபது ரூபாய். ரசீது உண்டு.
ஒரு குழந்தை மட்டும் இறங்கமாட்டேனென்று அழுதது:
இன்னும் கரை வரலையாம்.

ஆடிக் காற்றில்
புழுதி வந்து கணக்கு நோட்டில் உட்காரும்.
ஊதிவிட்டு எழுதுவேன்.
அம்மா போனில் கேட்கிறாள்,
"அங்க அப்படி என்னதான் இருக்குது?"
சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில்
சென்னியப்பனின் மொபட்டை வாங்கிக்கொண்டு
அணைக்குள் இறங்குவேன்.
கெண்டை நீந்திய இடத்தில் முழுக்க முறுக்கி,
முங்கிக் கிடந்த கோயிலின் கல்தூண்வரை போய்
அந்த ஒல்லி நிழலில்
தக்காளிச் சோற்றைப் பிரிப்பேன்.
முப்பத்துநாலு வயதில் வண்டி பழகுகிறேன்.
விழுந்தால் பார்க்க ஆளில்லை.

நேற்று ராத்திரி தூறல்.
கடைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து
மேலே பார்த்துக் கும்பிட்டார்கள்.
நானும் கும்பிட்டேன்.
எனக்கு இன்னும்
எட்டுப் போட வரவில்லை.
ஒரு செவ்வாய் போதும், சாமி.