எர்த் கிளிப்

ஷார்ஜா சனையாவில் மூன்றாம் ஷெட்.
என் துப்பாக்கி எண்பதாயிரம் வோல்ட்.
இதுவரை யாரையும் சுட்டதில்லை.
ஜன்னல் சட்டங்களுக்கு வெள்ளை அடிக்கிறேன்.

முனையில் எலக்ட்ரானை ஏற்றிக்கொண்டு
புகைபோலக் கிளம்பும் பொடி.
கொக்கியில் தொங்கும் அலுமினியம்
எர்த் கிளிப்பின் கடியில் சும்மா இருக்கும்.
நேரே போனது நேரே ஒட்டும்.
தாண்டிப் போனதோ
பாதி வழியில் மனசு மாறினாற்போல் வளைந்து
சட்டத்தின் முதுகில் போய் ஒட்டும்.
அங்கே நான் அடிக்கவே இல்லை.

பசையில்லை நூலில்லை
திரும்பு என்று அதற்கு யார் சொன்னது?

தரம் பார்க்க வரும் பிலோமினா
கோட்டயத்தில் இயற்பியல் படித்தவள்,
மைக்ரான் மீட்டரைச் சட்டத்தில் வைத்தபடி சொன்னாள்:
ஃபோட்டான்.
வெளிச்சமா என்றேன்.
அதே துகள்தான், ஆனால் வெளிச்சமாக வெளியே வராது.
ஒரு மின்சுமை கொடுக்கும், இன்னொன்று வாங்கும்,
நடுவில் எட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

டெலிவரி நோட்டின் பின்பக்கம்
இரண்டு படகும் ஒரு பந்தும் வரைந்தாள்.
எறிந்தவனும் பின்னால் போவான்
பிடித்தவனும் பின்னால் போவான்.
சரி, தள்ளுவது புரிந்தது.
இழுப்பது?
எந்தப் பந்தை எறிந்தால்
எதிர்ப்படகு என் பக்கம் வரும்?
பேனாவை மூடினாள்.
படம் இவ்வளவுதான் தாங்கும், மீதி கணக்கு.

எனக்குத் தெரிந்த கணக்கு வேறு.
ரோலாவில் ஒரு சலூனின் பின்னறையில் திர்ஹம் கொடுத்தால்
விளக்கு வைக்கும் முன்பே வீட்டில் ரூபாய் எண்ணுவார்கள்.
ஒரு நோட்டும் கடலைத் தாண்டவில்லை.
வழியில் எந்த அதிகாரி எந்தப் பையைத் திறந்தாலும்
காற்று.
அங்கே அடுப்பு எரிகிறது.

கடன் வாங்கிய ஆற்றலை
யாரும் கணக்குப் பார்க்குமுன் திருப்பிவிடுமாம் ஃபோட்டான்.
இந்தப் படமும் ஓரளவுக்குமேல் தாங்காது.
உண்டியல்காரன் கமிஷன் பிடிப்பான்.

அதற்கு நிறையும் கிடையாதாம்,
அதனால் விசைக்கு எல்லையும் கிடையாது.
தூரம் இரட்டித்தால் கால்வாசி
மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று
தேயும், தேயும்,
பூஜ்யம் மட்டும் ஆகாது.

சவரிராயன் மேல்கட்டில். நான் கீழ்க்கட்டில்.
ஓவர்டைம் பட்டியலில் என் பெயரை அடித்தது
அவன் பேனா.
பத்தொன்பது நாளாகப் பேச்சில்லை.
அவன் குளிக்கப் போனால் நான் சமையலறைக்கு,
அவன் சமையலறைக்கு வந்தால் நான் மாடிக்கு.
நடுவே ஒருவரும் தூது போகவில்லை
ஆனாலும் மேலே அவன் புரண்டால்
கீழே என் தூக்கம் கலைகிறது.

ஜனவரி. ஷமால் வீசி
உதடு வெடித்த ராத்திரி.
பாலியஸ்டர் கம்பளியை உதறிவிட்டு
ஏணியைத் தொடாமல் குதித்தான்.
ஒரே பிளக்கு. அவன் சார்ஜர் வேலை முடித்திருந்தது.
உருவாமல் என்னைப் பார்த்தான்,
என் போனுக்காகக் கையை நீட்டினான்.
நானும் நீட்டினேன்.

டப்.

ஒரு அரிசி நீளத்துக்கு
நீல ஊசி,
அவன் விரலுக்கும் என் விரலுக்கும் நடுவில்.

டேய் நாயே, என்றான்.
பத்தொன்பது நாளில் முதல் சொல்.
நான் சிரித்தேனா, கையை உதறினேனா
சரியாக நினைவில்லை.
அந்த ஒரு கணத்து ஃபோட்டான்கள் மட்டும்
கண்வரை வந்தன.
மற்றவை வராமலே வேலை பார்த்தவை.

காலையில் ஷெட்டில்
ஒரு சட்டத்தின் உள்மூலை மட்டும் வெறுமையாக இருந்தது.
எவ்வளவு அடித்தாலும் மூலைக்குள் பொடி போகாது,
விளிம்பே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும்.
அழுத்தத்தைக் குறைத்தால்தான் உள்ளே நுழையும்.
குமிழைத் திருப்பினேன், எண்பதிலிருந்து நாற்பதுக்கு.
கிளிப்பின் பல்லில் பழைய பெயின்ட் இறுகிக் கிடந்தது.
அதையும் சுரண்டினேன்.