சோதனை ஓட்டம்

முதல் வாரம் முழுக்க
விடுதி அறையில் காய்ந்த ரொட்டி.
சில்பான்சிங்கோவில் நான் அறிந்ததெல்லாம்
புட்டி நிரப்பும் ஓர் இயந்திரம்,
அதன் நான்காம் வால்வின் இருமல்.

இரவு ஷிப்டு ஃபிதென்சியோ
துணியில் பொதிந்த ஒன்றை நீட்டினான்.
சூடான சோள அடை. உள்ளே
கன்னங்கரேலென்று ஏதோ.
கதிரில் பிடிக்கும் பூஞ்சை நோயாம்.
"நோயையா தின்கிறீர்கள்?"
"விலை அதிகம், இன்ஜினியர். மெதுவாகத் தின்னுங்கள்."

ஈர மண், கொஞ்சம் புகை,
பெயர் வைக்காத ஓர் இனிப்பு.
அன்று கை கழுவ மனம் வரவில்லை.

பிறகு ஆலை வாசலில் எவுஸ்தோலியாவின் அடுப்பு.
உறைப்பு எனக்குப் புதிதா என்று ஜம்பமடித்துவிட்டுக்
குட்டி மிளகாய் ஒன்றைக் கடித்தேன்.
கண்ணைத் துடைக்கப் போனதும் அதே விரல்.
அவள் சிரிக்கவில்லை,
உப்புக் கிண்ணத்தை மட்டும்
என் பக்கம் நகர்த்தினாள்.

வால்வு செவ்வாயன்றே சரியாகிவிட்டது.
ஆனால் வியாழன் இங்கே போசோலே நாள்:
பூவாய் வெடித்த வெள்ளைச் சோளம்,
பூசணி விதை அரைத்த பச்சைச் சாறு,
மேலே நொறுங்கும் பன்றித்தோல் வறுவல்.

அறிக்கையில் எழுதினேன்:
இன்னும் 2 நாள் சோதனை ஓட்டம் தேவை.

ஒரு சொட்டும் சிந்தாமல்
புட்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.
ஃபிதென்சியோ இரண்டையும் பார்த்தான்,
புட்டிகளை, அறிக்கையை.
பேனாவை வாங்கி
2ஐ 3 ஆக்கினான்.

"வெள்ளிக்கிழமை
அக்கா தமாலே அவிப்பாள்."