மடியில் கனம்

பள்ளி விடுமுறை ஒரே வாரம்.
போகவேண்டிய இடங்களை
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதினான் ஹில்லார்.
எழுதும்போது எல்லாமே கிட்டத்தில்தான் இருந்தன.

தார்த்துவில் உக்குவுக்குப் பல் டாக்டர்.
பெய்ப்சி ஏரிக்கரையில் வெங்காயம், புகைபோட்ட மீன்.
ஓதெபா குன்றில் சறுக்கல்.
என் அக்காவுக்குத் திருப்பித் தரவேண்டிய ஏணி:
அது மூன்று குளிர்காலமாகப் பட்டியலில் இருக்கிறது.

கிளம்பும் நேரத்தில் வந்தாள் பக்கத்து வீட்டு லைனே.
ரீகாவில் மகளுக்குப் பிரசவமாம்.
ரை ரொட்டிக்குப் புளிக்கவைத்த மாவை
ஜாடியோடு என் கையில் திணித்தாள்.
'குளிரில் விடாதே. பட்டினி போடாதே.
இருபத்திரண்டு வயது இதற்கு.'
உக்குவுக்கு ஒன்பதுதான்.

பகலில் ஆளில்லாவிட்டால் எங்கள் வீடு
அடுப்பணைந்து எட்டு டிகிரிக்கு இறங்கிவிடும்.
ஆகவே ஜாடியும் வந்தது,
ஹில்லாரின் கம்பளிக் காலுறைக்குள் நின்றபடி,
என் மடியில்.

பல் டாக்டரின் வாசலில்
கன்னம் வீங்கிய ஒருவர் அதையே பார்த்திருந்தார்.
கேட்க வாய் திறக்க முடியவில்லை, பாவம்.

ஏரிக்கரையில் வெங்காயச் சடைகளை
மரவேலியில் தொங்கவிட்டிருந்தாள் ஃபெவ்ரோனியா.
பேரம் பேசுமுன் மூடியைத் திறந்து மோந்தாள்.
'பசிக்குது இதுக்கு' என்றாள் என்னிடம்,
குற்றம் சாட்டும் குரலில்.
உள்ளே போய்த் தன் மாவில் ஒரு கரண்டி,
வெதுவெதுப்பாய்க் கொஞ்சம் தண்ணீர்.
அதன்பிறகு வெங்காயத்தில் ஒரு காசு குறைக்கவில்லை.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.
இருட்டிய சாலையில் நீலவிளக்கு சுழல,
கண்ணாடியை இறக்கினான் ஹில்லார்.
காருக்குள்ளிருந்து பீர்க்கடையே வெளியே பாய்ந்தது.
'எவ்வளவு குடித்தீர்கள்?'
அவன் ஊதினான். பூஜ்யம்.
இன்னொரு முறை ஊதினான். பூஜ்யம்.
பின்சீட்டிலிருந்து உக்கு சொன்னான்:
'அது அம்மா மடியில இருக்கு.'
இளம் போலீஸ்காரர் குனிந்து
தொப்பியை நகர்த்திக் காது வைத்தார்.
உள்ளே குமிழிகள் ஒவ்வொன்றாய் உடைவதை
இரண்டு லாரி கடந்துபோகும் நேரம் கேட்டார்.
பிறகு, ஏதோ தூங்கும் குழந்தையை எழுப்பிவிடப் போகிறவர்போல்
மெல்லக் கதவில் தட்டி, போகச் சொன்னார்.

நான் அந்த வாரத்தில் விரும்பியது
போனதையல்ல, வந்து சேர்ந்ததை.
சாவி துவாரத்தின் உறைபனியை ஊதி உருக்குவது.
பூட்ஸிலிருந்து நடையில் தேங்கும் மூன்று குட்டைகள்.
பிர்ச் பட்டையில் தீப்பிடித்ததும்
அடுப்பு ஒருமுறை தொண்டையைச் செருமுவது.
வெங்காய சூப். சீட்டாட்டத்தில்
உக்கு ஏமாற்றுவது தெரிந்தும்
தெரியாததுபோல் தோற்பது.
காய்ந்த கையுறைகளின் கம்பளி வாசனை,
நனைந்த ஆடு ஒன்று
வீட்டுக்குள் எங்கோ படுத்திருப்பதைப்போல.

ஓதெபாவில் உக்கு அடிவாரம் தாண்டி,
வேலி தாண்டி,
யாரோ நிறுத்திவைத்திருந்த தள்ளுவண்டிவரை சறுக்கினான்.
நீளமாய்ச் சறுக்கினால்
ஆளிச்செடி நீளமாய் வளரும் என்பது இங்கே பேச்சு.
எங்களிடம் ஆளி விதைத்த நிலம் கிடையாது.
ஆனாலும் ஹில்லார் காலடியால் தூரத்தை அளந்தான்.

சனிக்கிழமை அக்கா வீடு.
சாப்பிட்டோம், சிரித்தோம், மூன்று கேக் தின்றோம்.
திரும்பும் வழியில், பாதி தூரத்தில்
ஹில்லார் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அக்காவிடம் இரவல் வாங்கிய வாஃபிள் கல்
பின்சீட்டில் கடகடத்தது.

ஞாயிறன்று சுட்டோம்.
ஒரு பக்கம் கருகியது.
மறுநாள்வரை அறுக்கக்கூடாது என்பது லைனேயின் சட்டம்.
லைனே ரீகாவில் இருக்கிறாள்.
வெண்ணெய் கத்தியிலேயே உருகியது.

ஜாடியில் ஒரு கரண்டி மிச்சம் வைத்து
மாவும் தண்ணீரும் ஊற்றி
அடுப்போரம் காலுறைக்குள் நிறுத்தினேன்.
ஜன்னலுக்கு வெளியே சுவரில் சாய்ந்திருந்தது ஏணி,
படிக்குப் படி ஒரு விரற்கடைப் பனியோடு.
ஹில்லார் ரசீதைத் திருப்பினான்,
கட்டணம் கட்டக் கடைசி நாள்
வெள்ளியோடு முடிந்திருந்தது.